கணவாய்க் காற்றில் சுருட்டு: ஈரம், வெப்பம், வயது மூன்றையும் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

தை மாதம் கொழிஞ்சாம்பாறையில் துவைத்துப் போட்ட வேட்டி காய ஒரு மணி நேரம் போதும். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வீசும் கிழக்குக் காற்றில் உதடு வெடிக்கும், கதவுப் பலகை சுருங்கி இடைவெளி விடும். அதே வீட்டில் ஆடி மாதம் தோல் செருப்பின்மேல் பூஞ்சணம் பூத்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் வரும் பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிட்டுப் போகும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை 30 கிலோமீட்டருக்கு மேல் திறந்து கிடக்கிறதே, பாலக்காட்டுக் கணவாய், அதன் வாயில் குடியிருப்பதற்கான கூலி இது.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து, நல்ல சுருட்டு ஒன்றை மூன்று வருடம் வைத்துப் பக்குவமாக்கலாம் என்று கிளம்பினால் என்ன ஆகும்? நான் பதினோரு வருடமாகச் செய்து பார்த்ததில் கண்டது இது: நம் பக்கத்தில் சுருட்டைக் கெடுப்பது வறட்சியோ ஈரமோ தனியாக அல்ல. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் போய் வருவதுதான் கெடுக்கிறது. ஈரம் ஆடாத பெட்டியில் ஒரு வருடம் இருந்த சுருட்டு, ஆடும் பெட்டியில் ஐந்து வருடம் இருந்ததைவிட நன்றாக இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் பெட்டியைப் பற்றித்தான். வயதைப் பற்றிய பேச்சு அப்புறம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. அந்தப் புகை காரத்தன்மை உடையது. அதிலுள்ள நிக்கோடின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் சேரும். வாய்ப் புற்றும் தொண்டைப் புற்றும் சுருட்டோடு வரக்கூடியவை. எவ்வளவு அருமையாகப் பக்குவப்படுத்தினாலும் அது மாறாது. நான் மாதத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவன். பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். 18 வயது ஆகாதவர்களுக்கு விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

உள்ளே என்ன நடக்கிறது

காய்ந்த புகையிலை பருத்தித் துணி மாதிரி. சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி தானும் நீரை இழுத்துக்கொள்ளும், விட்டுவிடும். ஈரம் அதிகமான சுருட்டில் தீக்கங்கின் சூட்டில் ஒரு பங்கு அந்த நீரை ஆவியாக்கவே செலவாகிறது. இலை உப்பிப் போவதால் காற்று நுழைய வழி இல்லை. இழுத்து இழுத்துக் கன்னம் வலிக்கும், ஒரு பக்கமாக எரியும், நாக்கின் பின்பக்கம் கசப்பும் புளிப்பும் தங்கும். ஈரம் குறைந்தால் எதிர்ப்பக்கம்: சரசரவென்று எரியும், புகை சுடும், நாக்கு நுனியில் மிளகாய் பட்டது போல் உறைக்கும். கையில் இருப்பது ஒரே சுருட்டுத்தான். ஈரப்பதம் பத்துப் புள்ளி மாறினால் இரண்டு வேறு சரக்குபோல் தெரியும்.

வறட்சியில் இன்னொரு நஷ்டமும் உண்டு, அது கணக்கில் தெரியாது. இலையில் இருக்கும் மணம் தரும் எண்ணெய்கள் எளிதில் ஆவியாகிறவை. சுருட்டு காய்ந்தால் நீரோடு அவையும் போய்விடும். நீரைத் திரும்பக் கொடுக்கலாம், எண்ணெயைக் கொடுக்க முடியாது. காய்ந்து கிடந்ததை மறுபடி பதப்படுத்திப் பிடித்தால் ஒழுங்காக எரியும். ஆனால் அட்டையை எரித்தது போல வெறுமையாக இருப்பது இதனால்தான்.

காலம் செய்வது வேறு வேலை. தோட்டத்தில் அறுத்த இலையை நிழலில் உலர்த்தி, ஆள் உயரத்துக்குப் போராக அடுக்கி வைப்பார்கள். போரின் நடுவில் சூடு ஏறும். அளவு மீறுவதற்குள் கலைத்து, வெளி இலையை உள்ளும் உள் இலையை வெளியுமாக மாற்றி மறுபடி அடுக்குவார்கள். இப்படிப் பலமுறை. இந்தப் புளிப்பேற்றத்தில் இலையின் புரதம் சிதைந்து அம்மோனியாவாக வெளியேறும். கடுப்பு குறையும். கியூபாவிலும் நிகரகுவாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் இதற்கு மாதக்கணக்கில், கனமான இலை என்றால் வருடக்கணக்கில் ஒதுக்குகிறார்கள். சுருட்டாகச் சுற்றிய பிறகும் இந்த மாற்றம் முழுசாக நிற்பதில்லை, மிக மெதுவாகத் தொடரும். மிச்சம் இருக்கும் அம்மோனியா வெளியேறும், துவர்ப்பு தணியும், நாலைந்து இடத்து இலைகளின் மணம் ஒன்றோடொன்று கலக்கும். மீன்குழம்பு வைத்த அன்றைவிட மறுநாள் ஏன் ருசிக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உங்களிடம் இருப்பது எது

எல்லாச் சுருட்டும் வைத்தால் நன்றாகும் என்பதில்லை. முழு இலைகளை நீளவாக்கில் வைத்துக் கையால் சுற்றிய, ஈரப்பதம் காத்து விற்கும் சிகார்தான் காலத்துக்குப் பலன் கொடுப்பது. ஹாலந்து பாணியில் செய்யும் சின்னச் சுருட்டுகள், சுமாத்ரா இலை போர்த்தியவை, காய்ந்த நிலையிலேயே பிடிப்பதற்காகச் செய்தவை. அவற்றுக்கு ஈரப்பெட்டி வேண்டாம், வாசனை இல்லாத ஒரு மூடிய தகர டின் போதும். நம் ஊர்க் காற்றில் சிரமமே வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

திண்டுக்கல், உறையூர்ச் சுருட்டு தனி இனம். திண்டுக்கல் பக்கத்து வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சிக்கென்றே தொடங்கிய நிலையம் இருக்கிறது. சுருட்டு இலைக்கும் மெல்லும் புகையிலைக்கும் பேர்போன மண் அது. ஆந்திராவின் கோதாவரி லங்கைகளில், அதாவது ஆற்றுத் திட்டுகளில் விளையும் லங்கா புகையிலையும் சுருட்டுக்குத்தான். குண்டூர், பிரகாசம் பக்கம் சூளையில் வாட்டி எடுக்கும் பொன்னிற இலை சிகரெட்டுக்குப் போவது, அதில் சர்க்கரை அதிகம். அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. திண்டுக்கல் சுருட்டை ஆறு மாதம் ஒழுங்கான பெட்டியில் வைத்தால் தொண்டையைப் பிடிக்கும் கடுமை குறைவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் வைத்ததில் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. இடம்தான் அடைந்தது.

என் அப்பாரு திண்டுக்கல் சுருட்டு பிடித்தவர். பழைய பிஸ்கட் டின் ஒன்றுதான் அவருடைய பெட்டி. மார்கழி பிறந்தால் டின்னுக்குள் ஒரு துண்டு வாழைப்பட்டை. ஜூன் வாக்கில் இடவப்பாதி மழை பிடித்தால் அதை எடுத்துவிட்டுத் துணியில் முடிந்த கல்லுப்பு. அவருக்கு ஈரப்பத மானி என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அந்த உப்பு முடிச்சில் இருந்த விஷயம் எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. கீழே வருகிறேன்.

படி 1: பெட்டி

கடையில் கண்ணாடி மூடியும் பித்தளை மானியும் வைத்து விற்கும் அழகான மரப்பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். நானும் ஒன்று வாங்கினேன். தை மாதத்தில் மரமே சுருங்கி, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் நூறு ரூபாய் நோட்டு நுழையும் அளவு இடைவெளி வந்தது. நம் பக்கத்துக்கு ஏற்றது, ரப்பர் வளையம் வைத்து நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடும் பிளாஸ்டிக் டப்பா. புது டப்பாவில் பிளாஸ்டிக் வாடை இருந்தால் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, மூடியைத் திறந்து ஒரு வாரம் நிழலில் போடுங்கள். முகர்ந்து பார்த்து ஒன்றுமே தெரியவில்லை என்ற பிறகுதான் சுருட்டு உள்ளே போகலாம்.

டப்பாவுக்குள் மரம் வேண்டும். மரம் ஈரத்தை வாங்கி வைத்துத் தேவையானபோது விடும், மெல்லிய மணமும் தரும். சிகார் உலகம் இதற்குப் பயன்படுத்துவதை ஸ்பானிஷ் சீடார் என்கிறார்கள். அது ஸ்பெயினில் விளைவதும் இல்லை, தேவதாருவும் இல்லை. வெப்பமண்டல அமெரிக்காவின் மரம், வேம்பும் மகோகனியும் சேர்ந்த குடும்பம். அதன் நெருங்கிய உறவு நம் மலையிலேயே இருக்கிறது: சந்தனவேம்பு. தாவரவியலார் ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். தேயிலைப் பெட்டியும் சுருட்டுப் பெட்டியும் செய்யப் பயன்பட்ட மரம்தான் அது. பழைய சந்தனவேம்புப் பலகை கிடைத்தால் ஆசாரியிடம் கொடுத்து மெல்லிய தகடாகச் சீவி வாங்குங்கள், வார்னிஷ் பூசாமல். சிகார் வந்த பழைய பெட்டியின் பலகையும் நன்று. தேக்கு வேண்டாம், அதன் எண்ணெய் வாடை இலையில் ஏறும். பைன் பிசின் வாடை அதைவிட மோசம். வேப்பமரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வாடை விஷயத்தில் புகையிலை ஒரு பஞ்சு. பாச்சை உருண்டை போட்ட அலமாரியில் ஒரே ஒரு வாரம் வைத்த நாலு சுருட்டை நான் தூர எறிந்திருக்கிறேன். ஊதுபத்தி எரியும் பூஜையறை, கருவாடு, பெருங்காயம், சென்ட் பாட்டில் எதன் பக்கத்திலும் கூடாது. வெனிலா, ரம் வாசனை ஏற்றிய சுருட்டுக்குத் தனி டப்பா.

டப்பாவில் முக்கால் பங்கு நிறைந்திருக்கட்டும். சுருட்டே ஈரத்தைத் தாங்கிப் பிடிக்கும் சரக்கு. காலி இடம் அதிகமானால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் மாறிவிடும்.

படி 2: மானியை உப்பு வைத்துச் சோதித்தல்

டிஜிட்டல் ஈரப்பத மானி மலிவாகக் கிடைக்கிறது. எதையும் நம்பாதீர்கள். நான் வாங்கிய மூன்றில் ஒன்று 6 புள்ளி அதிகமாகவும் ஒன்று 4 புள்ளி குறைவாகவும் காட்டியது. சோதிப்பது இப்படி:

ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈர மணல் மாதிரி இருக்க வேண்டும், கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காற்று புகாத ஊறுகாய் ஜாடியிலோ பையிலோ மூடுங்கள். அறை வெப்பம் அதிகம் மாறாத இடத்தில் 12 மணி நேரம் விட்டுவிட்டு, திறக்காமல் வெளியிலிருந்தே பாருங்கள். மானி 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் உங்கள் மானி 4 கூட்டிச் சொல்கிறது. அதை மானியின் முதுகில் பேனாவால் எழுதி வையுங்கள்.

நனைந்த உப்பு, மூடிய இடத்தின் ஈரப்பதத்தை 75 சதவீதத்தில் கொண்டுவந்து நிறுத்தும். 20 டிகிரியிலும் 30 டிகிரியிலும் கிட்டத்தட்ட அதே எண்தான், அதுதான் உப்பின் பெருமை. அதற்கு மேல் ஈரம் ஏறினால் உப்பு இழுத்துக்கொண்டு கசியும். அப்பாருவின் முடிச்சு மழைக்காலம் முழுக்கச் செய்த வேலையும் இதுதான். டின்னுக்குள் 90 ஏறாமல் 75ஐ ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. ஆனால் சோதனைக்குக் கல்லுப்பு எடுக்காதீர்கள். அதில் கலந்திருக்கும் மக்னீசிய உப்பு இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கி, எண்ணைக் கீழே இழுத்துவிடும். பாக்கெட்டில் வரும் சுத்திகரித்த தூள் உப்பே சரி.

படி 3: எந்த எண்

பழைய சூத்திரம் 70க்கு 70: ஈரப்பதம் 70 சதவீதம், வெப்பம் 70 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 21 டிகிரி. கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவில் ஏசி இல்லாத வீட்டில் 21 டிகிரி என்பது கனவு. என் டப்பா இருக்கும் இடம் வருடத்தில் 25இலிருந்து 31 வரை போகிறது. இந்த வெப்பத்தில் 70 வைத்தால் பூஞ்சணத்துக்கும் வண்டுக்கும் விருந்து வைத்தது போல. நான் 65 வைக்கிறேன், நீண்ட நாள் வைப்பதற்கு 62. எரியும் சீரும் சுவையின் தெளிவும் 65இல் எனக்குத் திருப்தியாக இருக்கின்றன. 70 என்பது மூக்குக்கு நல்ல எண், நாக்குக்கு இல்லை. பெட்டியைத் திறந்ததும் மணம் தூக்கும், பற்றவைத்தால் கனமாக இழுக்கும்.

இந்த எண்ணைப் பிடித்து வைக்க எளிய வழி, போவேடா போன்ற இருவழிப் பாக்கெட். உள்ளே இருப்பதும் உப்புக் கரைசல்தான். ஈரம் குறைந்தால் நீரை விடும், கூடினால் இழுக்கும். 58, 62, 65, 69, 72 என்று எண் போட்டே வருகிறது. 60 கிராம் பாக்கெட் ஒன்றுக்கு 25 சுருட்டு என்பது கணக்கு, கணவாய்க் காற்றுக்கு நான் ஒன்றரை மடங்கு போடுகிறேன். பாக்கெட் கல் மாதிரி இறுகினால் மாற்ற வேண்டும். நனைத்த பஞ்சு, குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அது ஈரத்தைக் கொடுக்க மட்டும் தெரிந்த சாதனம், நிறுத்தத் தெரியாது.

காய்ந்த சுருட்டைச் சீர்செய்ய வேண்டுமானால் நேராக 69இல் போட்டுவிடாதீர்கள். உள் இலை வேகமாக உப்பி, தாள்போல் மெல்லிய மேல் இலையைக் கிழித்துவிடும். முதலில் 58 அல்லது 62, மூன்று வாரம். அப்புறம் 65.

படி 4: வெப்பமும் வண்டும்

2019 சித்திரையில் நடந்தது. முந்தைய தையில் நகரத்துக் கடை ஒன்றில் வாங்கிய 20 சிகார் கொண்ட பெட்டி. ஒன்றை எடுத்தபோது மேல் இலையில் ஊசியால் குத்தியது போல வட்டமாக, ஓரம் பிசிறில்லாமல் ஒரு துளை. வெள்ளைத் தாள்மேல் அதன் அடிப்பக்கத்தைத் தட்டினேன். காபித் தூள் நிறத்தில் பொடி கொட்டியது. பொடிக்குள் ஒன்று நகர்ந்தது. இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், செம்பழுப்பு, தலையை மார்புக்குக் கீழே மடித்துக் கூனல் முதுகோடு. விரலால் தொட்டதும் செத்தது போலக் கிடந்தது. மற்றதையும் பார்த்ததில் ஏழில் துளை.

இதன் பெயர் சிகரெட் வண்டு. பெயரில்தான் சிகரெட். மஞ்சள் கிழங்கையும் மல்லி விதையையும் வற்றல் மிளகாயையும் துளைக்கிறதே, அதே ஆள். முட்டை இலையோடு கிடங்கிலிருந்து வந்திருக்கும். குளிர்ந்த இடத்தில் சும்மா கிடக்கும். 24, 25 டிகிரிக்கு மேல் போனால் சுறுசுறுப்பாகும், 30ஐத் தாண்டினால் ஒரு மாதத்துக்குச் சற்று கூடுதலான காலத்தில் முட்டையிலிருந்து வண்டு வரை முழுச் சுற்றும் முடிந்துவிடும். புழுதான் இலையைத் தின்பது. வெளியில் தெரியும் துளை, வளர்ந்து முடித்து அது கிளம்பிய வாசல். நீங்கள் பார்க்கும்போது கதை முடிந்திருக்கும்.

சுருட்டு டப்பாவைச் சமையலறையில் வைக்க வேண்டாம் என்று நான் அடம் பிடிப்பது இதற்காகவும்தான். மல்லி டப்பாவிலிருந்து சுருட்டுக்கு வர அதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம்.

வாங்கி வந்த எந்தச் சுருட்டையும் நம் பக்கத்தில் முதலில் குளிரூட்டி உறைய வைத்துவிடுவது நல்லது. பெரிய தொழிற்சாலைகள் பலவும் அனுப்பும் முன் இதைச் செய்கின்றன. ஆனாலும் வழியில் எங்கே தங்கியது என்று யாருக்குத் தெரியும்? செய்முறையில் அவசரம் கூடாது. இரண்டு ஜிப் பையில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றை வெளியேற்றி, முதலில் சாதாரண ஃபிரிட்ஜ் தட்டில் ஒரு நாள். பிறகு மைனஸ் 18 டிகிரி காட்டும் ஃப்ரீசரில் நாலு நாள். மறுபடி கீழ்த்தட்டில் ஒரு நாள். கடைசியாக வெளியில், பையைத் திறக்காமல், ஒரு முழு நாள். அந்தக் கடைசி நாளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் நீராவி வரை தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான். குளிர்ந்த சுருட்டை நம் ஊர்க் காற்றில் சட்டென்று திறந்தால் மிச்ச நீர் அதன்மேல் வியர்வையாக இறங்கும். 2019இல் பொறுமையில்லாமல் நேராக எடுத்ததில் எனக்கு இரண்டு சுருட்டு நீளவாக்கில் வெடித்தன. வண்டு தின்றதைவிட அது அதிகமாக வலித்தது.

வெப்பத்தைக் குறைக்க எங்கள் வீட்டில் கண்டுபிடித்த இடம் பத்தாயம். நெல் கொட்டும் வேலை நின்று பல வருடமாயிற்று. தடித்த பலகை, நடு அறை, வெயில் படாத சுவர். பத்தாயத்துக்குள் மீன் கொண்டுவரும் தெர்மாகோல் பெட்டி, வாடையே இல்லாத புதியது. அதற்குள் டப்பா. வெளியில் 39 இருந்த நாளில் உள்ளே 31தான் ஏறியது. அதைவிட முக்கியம், பகலுக்கும் இரவுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லை. பத்தாயம் இல்லாத வீட்டில் இரும்பு பீரோவின்மேல் வைக்காமல், வடக்குப் பார்த்த அறையில் தரையை ஒட்டி வையுங்கள். ஒயின் வைக்கும் சின்ன மின்சாரப் பெட்டி வாங்குகிறவர்கள் உண்டு. காசு இருந்தால் நல்லதுதான். கம்ப்ரஸர் வைத்தது காற்றை உலர்த்திவிடும், உள்ளே டப்பா மூடியே இருக்க வேண்டும்.

படி 5: வருடத்தைச் சுற்றி

மார்கழியிலிருந்து மாசி வரை வறட்சி. பகலில் என் வெளி மானி 35ஐத் தொட்ட நாட்கள் உண்டு. டப்பாவை வாரம் ஒருமுறைக்கு மேல் திறக்காதீர்கள், திறப்பதும் காலை ஆறு மணிக்கு, காற்று கிளம்பும் முன். பாக்கெட்டை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த மூன்று மாதத்தில்தான் அது வேகமாக இறுகும்.

பங்குனி, சித்திரையில் வண்டுக் காவல். டப்பாவின் அடியில் வெள்ளைத் தாள் விரித்து வைத்தால் பொடி விழுந்தவுடன் தெரியும்.

ஜூனில் மழை இறங்கியதும் எல்லாம் தலைகீழ். வெளியில் 90க்கு மேல் நிற்கும். பாக்கெட் இப்போது இழுக்கும் வேலை செய்யும், சில வாரத்தில் தண்ணீர்ப் பை மாதிரி உப்பிவிடும். அதைத் தை மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, தையில் இறுகிப்போன பழையதைப் போடுங்கள். அது மழைக்காலத்தில் நீர் குடித்து மறுபடி உயிர் பெறும். இப்படி மாற்றி மாற்றி ஒரே ஜோடியை நான் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறேன். கணவாயின் கொடுமையிலிருந்து கிடைத்த ஒரே லாபம்.

ஐப்பசி, கார்த்திகையில் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம்.

படி 6: வயது, மாதக் கணக்கில்

சித்தூர்க் கள் காலையில் இனிப்பு, மத்தியானம் ஏறும், சாயங்காலம் புளிக்கும். ஒரே நாளில் மூன்று பானம். சுருட்டு அதே பயணத்தை வருடக்கணக்கில் போகிறது. கூடவே அதற்கும் ஒரு சாயங்காலம் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முதல் ஆறு வாரம் பயணக் களைப்பு. வழியில் காய்ந்து, நனைந்து, குலுங்கி வந்ததன் ஈரம் உள்ளும் வெளியும் சமமாக வேண்டும். இதற்குள் பிடித்துவிட்டுச் சரக்கு சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஆறு மாதம் வரை, புதிதாகச் சுற்றியதாக இருந்தால் அடிப்பக்கத்தை முகர்ந்தால் மாட்டுக் கொட்டகை வாடை லேசாக வரும். அம்மோனியா. அது போகப் போகப் புகையில் உலோகச் சுவை குறையும். இரண்டு, மூன்று வருடத்துக்குள் பெரும்பாலான நடுத்தரச் சுருட்டுகள் தங்களால் முடிந்த உயரத்தைத் தொட்டுவிடுகின்றன. மிளகுக் காரம் பின்னுக்குப் போய், கொட்டை, மரம், கொக்கோ, சிலவற்றில் தேன் போன்ற இனிப்பு முன்னால் வரும். துவர்ப்பு வட்டமாகும்.

அதற்கு மேல் எது தாங்கும் என்பது இலையின் கனத்தைப் பொறுத்தது. செடியின் உச்சியில் வெயிலை நேராக வாங்கி வளரும் லிகேரோ இலையில் எண்ணெயும் நிக்கோடினும் அதிகம். அது நிறைந்த நிகரகுவாச் சுருட்டு ஐந்து வருடமும் அதற்கு மேலும் போகும். துணிப் பந்தலின் நிழலில் வளர்த்த கனெக்டிகட் மேல் இலை போர்த்திய மென்மையான சுருட்டு வேறு. அதை ஒரு வருடத்துக்குள் பிடித்துவிடுவது உத்தமம். மூன்று வருடம் வைத்தேன் ஒன்றை. கெடவில்லை, மங்கிவிட்டது. பாலில் தண்ணீர் ஊற்றியது போல. மதுரோ என்னும் கறுத்த மேல் இலை, தொழிற்சாலையிலேயே நீண்ட சூட்டில் பக்குவமாகி வருவதால் எனக்கு அதில் காத்திருந்து கிடைத்தது குறைவு.

கண்ணாடித்தாள் உறையைக் கழற்றலாமா என்று கேட்பார்கள். அது காற்றையும் ஈரத்தையும் மெதுவாக விடும் பொருள், இருந்தாலும் சுருட்டு பக்குவமாகும், சற்றுத் தாமதமாக. சில வருடத்தில் தாள் மஞ்சளாகும், வயதுக்கு அதுவே சாட்சி. நான் கழற்றுவதில்லை. வண்டு வந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக அது தடை. கியூபாப் பெட்டியாக இருந்தால் அடியில் மாதமும் வருடமும் முத்திரையாக இருக்கும். மற்றதற்கு நீங்களே வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள்.

இந்த மாற்றத்தை நாக்கால் அறிய ஒரே வழி: ஒரே பெட்டியில் ஆறு வாங்கி, ஆறு மாதத்துக்கு ஒன்று என்று பிடித்து, ஒவ்வொரு முறையும் இரண்டு வரி எழுதி வைப்பது. ஞாபகம் பொய் சொல்லும். என் நோட்டில் 2021 ஆவணியில் “கசப்பு, மிளகு, மூக்கில் எரிச்சல்” என்று எழுதியதே 2023 மாசியில் “வறுத்த நிலக்கடலை, கடைசி மூன்றில் ஒரு பங்கில் கருப்பட்டி” என்றிருக்கிறது. கையெழுத்து மட்டும் மாறவில்லை.

படி 7: வெள்ளையாகப் பூத்தால்

சுருட்டின்மேல் வெள்ளைப் பொடி தெரிந்தால், எண்ணெய் வெளியே வந்து பளிங்காகப் பூத்திருக்கிறது, உயர்ந்த வயதின் அடையாளம் என்று விற்பவர் சொல்வார். நான் பார்த்தவற்றில் கிட்டத்தட்ட எல்லாம் பூஞ்சணம். வெயிலில் பிடித்துக் கைக்கண்ணாடியில் பாருங்கள். பஞ்சு மாதிரி இழை இருக்கும், திட்டுத் திட்டாக, சிலது நீலம் அல்லது பச்சை ஓரத்தோடு. துடைத்தால் அடியில் கறை தங்கும். மேல் இலையில் மட்டும் இருந்தால் துடைத்து, தனியாக வைத்து, பெட்டியின் எண்ணை இறக்குங்கள். பற்றவைக்கும் அடிப்பக்கத்தில், உள் இலைகளுக்குள் வெள்ளை தெரிந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். விலையை நினைத்து ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். ஈரச் சாக்கின் வாடை இரண்டு நாள் வாயை விட்டுப் போகவில்லை.

படி 8: எடுப்பது

பிடிக்கப் போகும் சுருட்டை முதல் நாளே எடுத்து, வெறும் மரப்பெட்டி ஒன்றில், பாக்கெட் இல்லாமல், ஒரு நாள் வையுங்கள். மேல் இலையில் இருக்கும் மிகை ஈரம் இறங்கி எரிவது சீராகும். விரலால் லேசாக அழுத்தினால் அமுங்கி, விட்டதும் மெதுவாக எழ வேண்டும். சரசரவென்று சத்தம் வந்தால் காய்ந்திருக்கிறது. அமுங்கிய குழி அப்படியே நின்றால் இன்னும் ஈரம்.

இந்த ஒரு நாள் கணக்கு மாசியிலும் ஆவணியிலும் ஒன்றல்ல. மாசியில் வெளியே வைத்தால் ஒரு மணி நேரத்தில் மேல் இலை நொறுங்கத் தொடங்கும், அதனால் பற்றவைக்கப் பத்து நிமிடம் முன்பு நேராக டப்பாவிலிருந்து எடுங்கள். ஆடி, ஆவணியில் வெளியே வைத்தால் காய்வதற்குப் பதிலாக இன்னும் குடிக்கும். அப்போது 58 பாக்கெட் போட்ட சின்ன ஊறுகாய் ஜாடிக்குள் இரண்டு நாள் வைத்து எடுங்கள். மழை விட்ட சாயங்காலமாகப் பார்த்து, வீட்டுக்கு வெளியே, பிள்ளைகள் இல்லாத பக்கம் உட்காருங்கள்.